விதானையார் பதில்கள்: மாடி எழும்பினால் ஊர் எழும்பியதா?

(திருகோணமலையில் கிராம உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவர் வாசகர் கடிதங்களுக்கு எழுதும் பகுதி)

கேள்வி: முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து, போன ஆடியில் திருகோணமலைக்கு வந்தேன். உவர்மலையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் ஓட்டு வீடுகள் முக்கால்வாசி மாடியாகிவிட்டன. வேலி நின்ற இடத்தில் மதில், மதிலில் கமரா. "ஊர் நல்லாய் முன்னேறிவிட்டது" என்றேன். அங்கேயே இருக்கும் என் அண்ணா, "உனக்கு மதில்தான் தெரியுது" என்று சினந்தார். நீங்கள் யார் பக்கம், ஐயா?
— ஒரு வாசகர், ஸ்காபரோ, கனடா

அண்ணா பக்கம்தான். கோபிக்க வேண்டாம் தம்பி, காரணம் சொல்கிறேன்.

ஒரு தெரு காசுள்ள தெருவாக மாற இரண்டு வழி உண்டு. இருந்த சனத்தின் கையில் காசு சேரலாம். அல்லது இருந்த சனம் போய், காசுள்ள சனம் வந்து குந்தலாம். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். 1981 மார்ச்சிலும் 2012 மார்ச்சிலும் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்து வீடுகளில் ஏறி இறங்கியவன் நான். முதல் தடவை வேலைக்குப் புதுசு. இரண்டாவது தடவை பென்சன் கிட்டிய ஆள். இரண்டு தடவையும் ஒரே குடும்பம் வந்து கதவு திறந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரேயொரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உட்துறைமுக வீதிப் பக்கமிருந்து மேட்டில் ஏறும்போது வருகிற வீடு. சொந்தக்காரர் பெயர் வேண்டாம். கட்டியவர் டொக்யாட்டில், அதாவது கப்பல் திருத்தும் தளத்தில், போர்மன் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்). பிரிட்டிஷ் கடற்படை இருந்த காலத்தில் டொக்யாட் சம்பளம்தான் இந்தப் பட்டணத்தின் சம்பளம். 1921 இல் மாவட்டம் முழுவதும் சுமார் 34 ஆயிரம் பேர். 1946 இல் 76 ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. துறைமுகமும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும், விமானத் தளமும் எங்கெங்கோ இருந்து ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தன. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது சனம் பட்டணத்தை விட்டு ஓடி, பிறகு மெல்ல மெல்லத் திரும்பியது. 1957 இல் வெள்ளைக்காரன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினான். போர்மனுக்கு வேலை போயிற்று. முன்பக்கத்து இரண்டு அறையை வாடகைக்கு விட்டார். அந்த வீட்டுக்கு வாடகைக் காசு வரத் தொடங்கியது அப்போதுதான்.

அதிலிருந்து யார் யார் குடியிருந்தார்கள் என்று பாருங்கள். முதலில் பள்ளிக்கூட வாத்திமார். 1980 அளவில் சீனக்குடாவில் பிறிமா மா ஆலை வந்ததும் அங்கே வேலை செய்த ஒருவர். 1983 க்குப் பிறகு வீட்டுக்காரக் குடும்பமே ஆட்டம் கண்டது. 1985 இல் ஒரு மகன் வள்ளமேறி இந்தியா, அங்கிருந்து கனடா. இரண்டு வருடம் வீடு பூட்டிக் கிடந்தது. 1988 இல் வடக்கு கிழக்கு மாகாண சபை திருகோணமலையில் தலைமையகம் வைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் உத்தியோகத்தர்மார் வந்து இறங்கினார்கள். சபை கலைந்தாலும் கந்தோர்கள் நின்றன. உவர்மலையிலும் வரோதயநகரிலும் அறை கிடைக்காத காலம் அது. போர்மன் வீட்டில் ஒரு உதவிச் செயலாளர் வருடக்கணக்காக இருந்தார். முதலாம் திகதி வாடகை கைக்கு வந்துவிடும், மனிசன் அவ்வளவு நேர்த்தி.

2004 சுனாமிக்குப் பிறகுதான் கூத்து. தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தன. வெள்ளை வான், ஜெனரேற்றர், வாசலில் சாரதிமார். உதவிச் செயலாளர் கொடுத்த வாடகையைப் போல பல மடங்கை ஒரு நிறுவனம் பேரம் பேசாமல் கொடுத்தது. மனிசன் தன் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு பாலையூற்றுப் பக்கம் போனார். அவர் ஏழையில்லை, நல்ல பதவியில் இருந்தவர். அவரையே அந்த ஒழுங்கை தள்ளி வெளியே விட்டது. அப்படியென்றால் கூலிக்காரனின் நிலை என்ன என்று யோசியுங்கள்.

அப்புறம் 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2007 தொடக்கத்தில் மாகாணம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கின் கந்தோர்கள் சில காலம் இங்கேயே ஓடி, பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டன. யுத்தம் முடிந்ததும் தொண்டு நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பலகையைக் கழற்றின. சொந்தக்காரரின் பேரன் மேலே ஒரு தட்டுப் போட்டு, சுற்றுலா விடுதி என்று பெயர் எழுதினான். நீங்கள் கண்ட மாடி அதுதான். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டு, 2020 கொரோனா, 2022 நெருக்கடி என்று வரிசையாக அடி. இப்போது மேலே ஆஸ்பத்திரித் தாதிமார், கீழே வங்கி உத்தியோகத்தர் இருவர். கமரா மட்டும் விடுதிக் காலத்தது. வேலை செய்கிறதா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஒரு கூரைக்குக் கீழே வாத்தியார் சம்பளம், ஆலைச் சம்பளம், மாகாண சபைச் சம்பளம், டொலர்ச் சம்பளம் எல்லாம் வந்து போய்விட்டன. போர்மன் குடும்பத்தில் ஊரோடு மிஞ்சியது அந்தப் பேரன் ஒருவன்தான். விடுதிக் கடனை அவன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இனி, நீங்கள் படம் எடுத்திருக்க மாட்டீர்கள் என்று நான் பந்தயம் கட்டக்கூடிய வீடு ஒன்று. அதே ஒழுங்கையின் முடக்கில், பூச்சு இல்லாத கல்வீடு. 1981 இல் நான் போனபோது கிடுகுக் கூரை, மண் நிலம். வாசலில் அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டே எனக்குப் பதில் சொன்னார். 2012 இல் போனபோதும் அதே அம்மாதான் வந்தார், கண் மங்கியிருந்தது. மகள் குவைத்துக்கு மூன்று தடவை போய் வந்து எழுப்பிய சுவர். ஒவ்வொரு தடவைக் காசும் எந்த வரிசைக் கல் வரை வந்தது என்பதைச் சாந்தின் நிறத்தைப் பார்த்தே சொல்லலாம். மேல்தட்டுக்கென்று விட்ட கம்பிகள் இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, துரு ஏறாமல் நுனியில் சோடாப் போத்தல் கவிழ்த்திருக்கிறார்கள். பேத்தி கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்கிறாள். உங்கள் ஒழுங்கையில் முன்னேறிய குடும்பம் என்று என்னைக் காட்டச் சொன்னால் அந்த வீட்டைத்தான் காட்டுவேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நோயில்லை. நீங்கள் இருக்கும் இடத்தையே பாருங்கள். டொரொன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹல்சான்ஸ்கியும் அவரோடு இருந்தவர்களும் 1970 இலிருந்து 2005 வரை அந்த நகரத்தை அயல் அயலாகப் பிரித்து வருமானத்தைப் பார்த்தார்கள். 1970 இல் நூற்றுக்கு 66 அயல்கள் நடுத்தர வருமான அயல்கள். 2005 இல் அது 29 ஆகச் சுருங்கியது. சுரங்க ரயில் பாதையை ஒட்டிய நடுப்பகுதி மேலே போக, ஸ்காபரோவின் பெரும்பகுதி கீழே இறங்கிய பக்கத்தில் விழுந்தது. அதுவும் இடத்தின் கணக்குத்தான். 1970 இல் அங்கே இருந்த ஆளை 2005 இல் தேடிப் பிடித்து "எப்படி இருக்கிறீர்?" என்று கேட்ட கணக்கில்லை. நடு நகரத்து வாடகை கட்டாமல் ஸ்காபரோவுக்கு நகர்ந்தவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள்; அது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. 2022 இல் அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரத்துக்குள் 360 வரை ஏறியது. நீங்கள் அமெரிக்க டொலர் கணக்கில் மாதம் 200 அனுப்பியிருந்தால் உங்கள் அண்ணா வீட்டுக்கு வந்த 40 ஆயிரம் 72 ஆயிரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு ஆசிரியைக்குச் சம்பளம் அப்படியே நிற்க, சாமான் விலை மட்டும் ஏறியது. ஒரே ஒழுங்கையில் ஒருவரும் வேலை மாறவில்லை, வீடு மாறவில்லை. ஆனால் யார் வசதி, யார் வசதியில்லை என்ற வரிசை தலைகீழானது. வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடுகளில் அந்த வருடம் மீன் சட்டி அடுப்பேறிய நாட்கள் குறைவு. அண்ணாவின் கோபத்தில் இதுவும் கொஞ்சம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: உயர்தரப் புவியியல் செயற்றிட்டத்துக்கு, எங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் முப்பது வருடத்தில் மக்களின் வருமானம் எப்படி மாறியது என்று எழுத எடுத்திருக்கிறேன். குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளில் வருமானம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உதவுவீர்களா?
— மாணவி, அன்புவழிபுரம்

இல்லாததைத் தேடி அலைந்திருக்கிறீர்கள், மகள். நம் நாட்டுக் குடிசன மதிப்பீட்டில் "மாதம் எவ்வளவு உழைக்கிறீர்கள்?" என்ற கேள்வியே இல்லை. சுவர் என்ன, கூரை என்ன, நிலம் என்ன, குடிதண்ணீர் எங்கிருந்து, விளக்கு எது, எதில் சமைக்கிறீர்கள், மலசலகூடம் உண்டா என்று கேட்போம். அதிலிருந்து வசதியை ஊகிக்கலாம்.

அதிலும் பெரிய ஓட்டை ஒன்று. 1981 க்குப் பிறகு 1991 இல் நாட்டிலேயே கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001 இல் நடந்தது, ஆனால் வடக்கு கிழக்கில் முழுதாக எடுக்க முடியவில்லை. அடுத்தது 2012. ஆக, கலவரம், இடப்பெயர்வு, அகதி முகாம், சுனாமி எல்லாம் அடுத்தடுத்து வந்த 31 வருடத்துக்கு உங்கள் பிரிவைப் பற்றி முழுமையான குடிசன மதிப்பீடு கிடையாது. அதற்குப் பிறகு 2024 இல் எடுத்தார்கள்.

வருமானத்தைக் கேட்பது வேறொரு ஆய்வு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில வருடத்துக்கு ஒரு தடவை, தெரிவு செய்த வீடுகளில் வருமானமும் செலவும் கேட்கும். அது மாவட்டம் வரைக்கும்தான் சொல்லும். அன்புவழிபுரம் வரை இறங்காது. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது, செயற்றிட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதலாம். 2019 ஆய்வில் இலங்கை வீடொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். இடையம், அதாவது எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிற வீட்டின் வருமானம், 53,333 ரூபாய். 23 ஆயிரம் இடைவெளி! மேல் தட்டில் இருக்கும் சில வீடுகள் சராசரியை இழுத்துக்கொண்டு போகின்றன. உங்கள் ஒழுங்கையில் பத்து வீட்டில் ஒன்று ஹோட்டல்காரர் வீடு என்றால், சராசரியைக் கேட்டு மற்ற ஒன்பது வீடும் சிரிக்கும். எங்கே போனாலும் இடையத்தைக் கேளுங்கள்.

செய்யக்கூடியது என்னவென்றால், பிரிவு முழுவதையும் விட்டுவிட்டு ஒரு ஒழுங்கையை எடுங்கள். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போனால் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணத்துக்குக் கணக்கெடுக்க வந்த பிள்ளை என்று நினைத்து எல்லாரும் ஏழையாகிவிடுவார்கள். (அப்படி நினைப்பதில் நியாயமும் உண்டு. 2023 இல் அந்தக் கொடுப்பனவுக்கு 22 அளவுகோல் வைத்துப் புள்ளி போட்டபோது பட்டியலில் விடுபட்டவர்களின் மேன்முறையீட்டுக் கடுதாசிகளைக் கட்டுக் கட்டாகப் பார்த்தோம்.) "எவ்வளவு உழைக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டாம். இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே, இப்போது வீட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கடல், கூலி, அரசாங்கம், வெளிநாடு, வாடகை, பென்சன் என்று ஆறு நிறம் வைத்து வரைபடத்தில் தீட்டுங்கள். அம்மம்மா சொல்லும் 1990 க்கு இன்னொரு வரைபடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் உங்கள் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்ப்பார்.

எழுத்து ஆதாரம் வேண்டுமென்றால் வாக்காளர் இடாப்பு வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது, வீட்டு இலக்கப்படி பெயர்கள் இருக்கும். பெயர் மாறினால் ஆள் மாறியது என்று தெரியும். பழைய சோலைவரிப் (வீட்டு வரி) பதிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போட்ட வருடாந்தப் பெறுமதி இருக்கும். பள்ளிக்கூட அதிபரின் கடிதத்தோடு போனால் காட்டுவார்கள்.

கூரையை மட்டும் நம்பாதீர்கள். சுனாமிக்குப் பிறகும் மீள்குடியேற்றத்திலும் கட்டிக் கொடுத்த வீடுகள் பல. ஓடு போட்ட வீட்டுக்குள் அடுத்த வேளைக்கு அரிசி இல்லாத குடும்பத்தை நான் கண்டிருக்கிறேன். நகரத்தின் ஓரப் பகுதிகளில் 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இருந்தவர்களும் உண்டு. உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் அவரிடம் இரண்டு மணித்தியாலம் உட்காருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் திரியும் மான்கள் இப்போது எங்கள் தெருவுக்கே வந்து குப்பைப் பையைக் கிழிக்கின்றன. பட்டணத்தில் சனம் கூடியதா, மான் கூடியதா?
— கடை வைத்திருப்பவர், மத்திய வீதி

சனத்துக்குப் படிவம் நிரப்பியிருக்கிறேன், மானுக்கு இல்லை. ஆனால் பொலித்தீன் பையில் சோற்றைக் கட்டி ஒழுங்கை முடக்கில் வைக்கும் சனம் கூடியது நிச்சயம். பையை உள்ளே வையுங்கள் அண்ணா, பொலித்தீன் தின்றால் அதுகள் செத்துப்போகும்.

கேள்வி: சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். திருகோணமலையில் இப்போது யார் அதிகம்?
— பெயர் குறிப்பிட விரும்பாதவர்

பெயர் போடாமல் கேட்டாலும் தேத்தண்ணிக் கடையில் தினமும் கேட்கிற கேள்விதான். எண்களைத் தருகிறேன். 1881 இல் மாவட்டத்தில் 22 ஆயிரம் பேர் அளவில். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத் தமிழர், கால் பங்கு முஸ்லிம்கள், சிங்களவர் நூற்றுக்கு நாலு. 1946 இல் சிங்களவர் ஐந்தில் ஒன்று. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களுக்குப் பிறகு, 1981 இல் மூன்று சமூகமும் ஏறக்குறைய மூன்றில் ஒவ்வொரு பங்கு. 2012 இல் மாவட்டம் 3 இலட்சத்து 80 ஆயிரத்தை நெருங்கியபோது முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 அளவில், தமிழர் 30 சொச்சம், சிங்களவர் 27 அளவில்.

இது மாவட்டம். கிண்ணியாவும் மூதூரும் கந்தளாயும் வெருகலும் சேர்ந்தது. இதை வைத்துக்கொண்டு பெருந்தெருவைப் பற்றியோ லிங்கநகரைப் பற்றியோ பேச முடியாது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கணக்கு.

சந்தையடியில் பகல் பதினொரு மணிக்கு நின்று சனத்தைப் பார்த்து "எல்லாம் மாறிவிட்டது" என்பவர்களுக்கு ஒரு சொல். 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் அந்த மக்கள் பாதை என்கிற மிதவையில் ஏறி, வரிசையில் நின்று கடந்து வரவேண்டும். இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து, வேலை பார்த்து, சாமான் வாங்கி, பின்னேரம் வீடு திரும்புகிறார்கள். மூதூர்க்காரருக்கும் அப்படித்தான், பாலங்கள் வந்த பிறகு படகை மட்டும் நம்பி நிற்பதில்லை. அவர்கள் பட்டணத்தில் குடியேறவில்லை, பட்டணத்தில் செலவழிக்கிறார்கள். கடைக்காரர்கள் யாரும் இதைப் பற்றி எனக்கு முறைப்பாடு எழுதியதில்லை.

இனத்தின் எண்ணிக்கையைக் கேட்டு எனக்கு வருகிற கடிதங்களில் பத்தில் ஒன்றாவது, யாருக்கு வேலை இல்லை, யார் வாடகை கட்ட முடியாமல் போனார்கள் என்று கேட்டால் இந்தப் பகுதியை இன்னும் உற்சாகமாக எழுதுவேன்.

கேள்வி: உப்புவெளியில் பத்து வருடத்துக்கு மேலாக வாடகைக்கு இருக்கிறோம். கணவர் கடற்றொழில், நான் தையல். வீட்டுக்காரர் இப்போது வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை அறையாகப் பிரிக்கப் போவதாகவும், இருக்க வேண்டுமானால் வாடகை இரட்டிப்பு என்றும் சொல்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. எங்கே போவது, ஐயா?
— ஒரு குடும்பத் தலைவி

தங்கச்சி, முதலில் உடனே எழும்பிப் போகவும் வேண்டாம், புது வாடகைக்கு ஓம் என்று தலையாட்டவும் வேண்டாம். எழுத்து இல்லாவிட்டாலும் நீங்கள் இருந்ததற்கு அடையாளம் இருக்கும். வாடகை கொடுத்த துண்டுகள், வங்கியில் போட்டிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டு, அந்த விலாசத்துக்கு வந்த கடிதங்கள், வாக்காளர் பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். 1972 வாடகைச் சட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டிக் கேளுங்கள். வசதி குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் பார்ப்பார்கள். வழக்குக்குப் போகும் முன் மத்தியஸ்த சபை இருக்கிறது. வீட்டுக்காரரும் தெரிந்த மனிசன்தானே, நாலு பேர் முன்னால் உட்கார வைத்தால் குரல் இறங்கும்.

பேசும்போது இதை நினைவில் வையுங்கள். அவருடைய அறைக்கு ஆள் வருவது சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. மாரியில் வாடைக்காற்று அடிக்கும்போது உப்புவெளிக் கடற்கரையில் நாய்கள் மட்டும்தான் உலாவும். அந்த மாதங்களில் அவருக்கு அறை காலி. உங்கள் கணவருக்கும் கடல் இல்லை என்பதுதான் இதில் உள்ள கொடுமை. தொழிலும் சுற்றுலாவும் ஒரே காற்றை நம்பியிருக்கின்றன. ஆனாலும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வரும் வாடகையின் அருமை அவருக்கு 2020 இல் தெரிந்திருக்கும். "பின்பக்கம் இரண்டு அறை எங்களுக்கு, முன்பக்கம் உங்களுக்கு, வாடகை இவ்வளவு கூட்டித் தருகிறோம், மூன்று வருடத்துக்கு எழுதுவோம்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள். விடுதிக்குத் துவைக்கவும் தைக்கவும் ஆள் வேண்டும், அதையும் அதே பேச்சில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் இப்படி நகர்ந்து போகும் குடும்பங்கள் பெரும்பாலும் கடலை விட்டு உள்ளுக்குத்தான் போகின்றன. சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அரசாங்கம் சொன்னபோதும் அப்படித்தான் போனார்கள். மீன்பிடிக்கிறவன் கடலிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தள்ளி இருந்தால் விடிய மூன்று மணிக்கு ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும், எஞ்சினுக்கும் வலைக்கும் காவல் இல்லை. வீட்டு வாடகை குறைந்தாலும் இந்தச் செலவு அதைத் தின்றுவிடும். மாறுவதென்று முடிவெடுத்தால் இதையும் கணக்கில் போட்டுவிட்டு மாறுங்கள்.

கேள்வி: அப்பா இறந்த பிறகு பெருந்தெருப் பக்கம் உள்ள எங்கள் பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது. முன் அறையில் மட்டும் ஒருவர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். வாங்க வந்தவர் இடித்துவிட்டு நாலு மாடி கட்டப் போகிறாராம். அயலவர்கள் "விற்காதே, தெருவே மாறிப்போகும்" என்கிறார்கள். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
— வாசகி, வெள்ளவத்தை

விற்காதே என்கிற அயலவர்களில் யாராவது தாங்கள் வாங்குகிறோம் என்று விலை கேட்டார்களா? கேட்டிருந்தால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். கேட்காவிட்டால் நிம்மதியாகத் தூங்குங்கள். தெருவைக் காப்பாற்றும் பாரத்தைக் கொழும்பில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. பூட்டிக் கிடக்கிற வீடும் தெருவை மாற்றத்தான் செய்யும்: கறையான் ஏறும், பின்வளவில் குப்பை கொட்டுவார்கள், இரவில் பெடியன்கள் குடிக்க இடம் கிடைக்கும்.

சைக்கிள் கடைக்காரரிடம் மட்டும் நீங்களே நேரில் சொல்லுங்கள். தரகர் வாயால் அவருக்குத் தெரியவரக் கூடாது. அந்த அறைக்கு அவர் கட்டும் வாடகையில் பட்டணத்துக்குள் இன்னொரு அறை கிடைக்காது. வேறு இடம் பார்க்க ஆறு மாதமாவது கொடுத்து, விற்கிற விலையில் ஒரு சிறு தொகையும் கொடுத்தால் உங்கள் குற்ற உணர்ச்சியில் பாதி போய்விடும். புதுக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் ஒரு கடை அறையை அவருக்கு வாடகைக்குக் கொடுக்க முடியுமா என்று வாங்குபவரிடம் கேட்டும் பாருங்கள். பெரும்பாலும் முடியாது என்பார். கேட்பதில் நட்டமில்லை.

காகித வேலைக்கு வருவோம். சகோதரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். சோலைவரிப் பாக்கியைக் கட்டித் தீருங்கள். பழைய வரைபடத்தை நம்பாமல் நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்துகொள்ளுங்கள்; பெருந்தெருப் பக்கம் மதில்கள் ஒரு முழம் இப்படியும் ஒரு முழம் அப்படியும் நகர்ந்திருக்கும். முக்கியமாகக் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து, பின்வளவுக் கிணற்றில் அயல் வீடுகளுக்குத் தண்ணீர் அள்ளும் உரிமையும் அதற்கு நடைபாதையும் எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பழைய உறுதிகளில் அது அடிக்கடி இருக்கும். இருந்தால் வாங்குபவரிடம் முற்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அத்திவாரம் வெட்டிக் கிணற்றை மூடிய பிறகு அது தெரியவந்தால் உங்களைத்தான் கொழும்பிலிருந்து நீதிமன்றத்துக்குக் கூப்பிடுவார்கள்.